எடுத்ததை எடுத்த இடத்தில்

பதினோரு நாளைக்கு ஒருமுறை அது நின்றுபோகும். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் ஓடும். மறுபடி பதினோரு நாள். 2021 ஆகஸ்டில் என் அக்கா மகள் கிளியனூர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இரண்டு வாரமாக இதைத்தான் துரத்திக்கொண்டிருந்தாள்.

‘அது’ என்று அவள் சொன்னது எங்கோ ஒரு தொலைபேசி நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் இருக்கும் ஒரு பெட்டி. இணையத்தில் போகிற வருகிற தரவை வாங்கி, பார்த்து, அடுத்த இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதற்குள் ஓடும் சி மொழி நிரலை எழுதிய குழுவில் எட்டுப் பேர். இவள் ஒருத்திதான் பெண். கொரோனாவில் சென்னை அலுவலகத்தை மூடியதிலிருந்து ஊரிலிருந்தே வேலை பார்த்தாள்.

கிளியனூர் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் கழுவேலி, அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். அக்கா மரக்காணம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பதினான்கு வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவள். மாமா இறந்த பிறகும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அவளுக்கு எட்டு வயது இளையவள். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள். கல்லூரி திறக்காத அந்த மாதத்தில் பத்து நாள் தங்கலாம் என்று வந்திருந்தேன்.

ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் முன்னறையில் வெளிச்சம் தெரியும். மூன்றாம் நாள் அக்கா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். “அப்பிடி என்னாதான்டி தொலஞ்சி போச்சி?”

“எடம் தொலஞ்சி போவுது மா. எடுத்தத யாரோ திருப்பி வெக்கல.”

அம்மாவுக்குப் புரியட்டும் என்று அவள் உப்பளத்தை வைத்தே சொன்னாள். காலையில் கொட்டகையில் கூடை அடுக்கி இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்கிறீர்கள், உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறீர்கள், சாயந்திரம் கூடையைக் கொட்டகையில் வைக்கிறீர்கள். ஒருத்தி வைக்காமல் போனால் மறுநாள் ஒரு கூடை குறையும். தினம் ஒன்று குறைந்தால் ஒருநாள் காலையில் கொட்டகை காலி. உப்பு விளைந்து கிடக்கும், ஆள் நிற்பார்கள், சுமக்கக் கூடை இருக்காது.

எனக்கு அவள் கொஞ்சம் விரித்துச் சொன்னாள். தரவு பாக்கெட் பாக்கெட்டாக வருகிறது. ஒவ்வொன்றும் வந்து இறங்க மெமரியில் ஓர் இடம் வேண்டும். அதற்குப் பஃபர் என்று பெயர். பாக்கெட் வந்த பிறகு கணினியிடம் இடம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. நொடிக்கு 10 கிகாபிட் போகும் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. அதனால் பெட்டியைப் போடும்போதே சில ஆயிரம் பஃபர்களை ஒதுக்கிக் குவித்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் குவியல்தான் பூல். பாக்கெட் வந்தால் ஒன்றை எடு, வேலை முடிந்ததும் திருப்பி வை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1983இல் பெர்க்லியில் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் 128 பைட் கொண்ட சின்னச் சின்னப் பெட்டிகளாக இது இருந்தது. எம்பஃப் என்று பெயர். அக்கா மகளின் குழு பயன்படுத்திய டிபிடிகே என்ற தொகுப்பை இன்டெலில் தொடங்கிவைத்தவர் வெங்கி வெங்கடேசன் என்ற பொறியாளர், 2018இல் காலமாகிவிட்டார். அதிலும் பஃபருக்குப் பெயர் எம்பஃப்தான்.

“திருப்பி வைக்கிறதக் கம்ப்யூட்டரே பாத்துக்காதா?” என்று கேட்டேன். ஜாவா போன்ற மொழிகளில் பார்த்துக்கொள்ளுமாம். யாரும் பயன்படுத்தாத இடங்களைக் கூட்டி எடுக்கப் பின்னாலேயே ஒரு வேலையாள் ஓடிக்கொண்டிருக்கும். சி மொழியில் அந்த வேலையாள் கிடையாது. எடுத்தவர் வைக்க வேண்டும், அல்லது யார் வைப்பது என்று பேசி வைத்திருக்க வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று எங்கள் அம்மா எங்கள் இருவரிடமும் ஓயாமல் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொன்னதாக நினைவில்லை.

அவர்கள் பூலில் 8191 பஃபர்கள். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்து வைத்தால் இடம் வீணாகாது என்பதால் அந்த எண். குழுவில் மூத்தவர்கள் ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: எண்ணிக்கையை 16383 ஆக்கிவிடு, வாரம் ஒருமுறை ராத்திரியில் நிறுத்திப் போடு. வாடிக்கையாளருக்கும் அது போதுமாக இருந்தது. “பதினோரு நாள் இருவத்திரெண்டு நாள் ஆவும். அவ்ளோதான்” என்றாள் இவள். பூலில் எத்தனை மீதி இருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கும்படி ஒரு சின்ன நிரல் போட்டாள். மணிக்கு முப்பது போல் குறைந்தது. நாளைக்கு 720. எட்டாயிரத்தை அதால் வகுத்தால் பதினோரு நாள். கணக்கு சரி. கூடையைத் தொலைப்பது யார் என்பதுதான் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா சொன்னாள். “நல்ல கூடைலாம் தன்னால திரும்பிடும். கிழிஞ்சிதுன்னு வரப்புல போட்டுட்டு வருவாளுங்க பாரு, அது அங்கியேதான் கெடக்கும்.”

இந்த இடத்தில் அக்காதான் கண்டுபிடித்தாள் என்று எழுத எனக்கு ஆசை. அக்கா மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். தப்பாக வரும் பாக்கெட்டுகள் என்ன ஆகின்றன என்பது அவளுடைய பட்டியலில் நான்காவதாக ஏற்கெனவே இருந்தது. அம்மா சொன்னதும் அதை முதலுக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் உண்மை.

மறுநாள் மத்தியானம் கிடைத்துவிட்டது. பாக்கெட்டின் தலைப்பில் எழுதியிருக்கும் நீளமும் உள்ளே இருக்கும் நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு ஃபங்ஷன். ஒத்துப்போனால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். அங்கே வேலை முடிந்து பஃபர் பூலுக்குத் திரும்பும். ஒத்துப்போகவில்லை என்றால் பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டு, மைனஸ் ஒன்று என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும். கையில் இருந்த பஃபரைக் கீழே வைக்கவே இல்லை. எழுதியவர் கெட்டிக்காரர்தான். ஒழுங்காக நடக்கும் வழி முழுவதையும் அக்கறையாக எழுதியிருந்தார். ஏதாவது தவறினால் என்ன ஆகும் என்ற வழியில் அவர் நடந்து பார்க்கவில்லை. சோதித்தவர்களும் நடக்கவில்லை. சோதனைக்கு அனுப்பிய பாக்கெட் எல்லாம் நல்ல பாக்கெட்.

அவள் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: பஃபரை விடுவி. பூலின் எண்ணிக்கை குறைவது நின்றது. சாயந்திரம் சந்தோஷமாகக் கேசரி கிளறினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வேறெங்கோ, சம்பந்தமே இல்லாத இடத்தில், நிரல் விழுந்தது.

அந்த ஃபங்ஷனை இரண்டு இடங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒரு இடத்தில், மைனஸ் ஒன்று வந்தால் கூப்பிட்டவரே பஃபரைத் திருப்பி வைத்துவிடுகிறார். இன்னொரு இடத்தில் வைப்பதில்லை. இவள் உள்ளேயே திருப்பி வைத்ததும் முதல் இடத்தில் ஒரே பஃபர் இரண்டு முறை பூலுக்குப் போய்விட்டது. பூல் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு பஃபர் இருப்பதாக நினைத்து, அடுத்து வரும் இரண்டு பாக்கெட்டுகளுக்கும் அதே இடத்தைக் கொடுக்கும். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதுவார். கோளாறு பிறந்தது ஓரிடம், தெரிவது வேறிடம். தொலைவது ஒரு வகை என்றால் இது அதைவிட மோசம் என்றாள். தொலைந்தால் பதினோரு நாள் கழித்து நிற்கும், இதில் என்றைக்கு எது கெடும் என்று சொல்ல முடியாது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். புடவை கட்டி உட்கார்ந்திருந்தவளின் மடியில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பையனின் அம்மா நல்ல மாதிரிதான் பேசினார். “ஊட்ல இருந்தே பாக்குற வேலதான, குடும்பத்தையும் பாத்துக்கலாம்” என்றார். டம்ளர்களை நான் எடுத்துவைத்தேன், அக்கா கழுவினாள், அண்ணன் அவர்களை வழியனுப்பப் போனான். அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் இவள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

அன்று இரவு நான் பேராசிரியைத்தனமாக ஒன்று சொன்னேன். எடுப்பவர்கள் ஒரு பக்கம், திருப்பி வைப்பவர்கள் ஒரு பக்கம், வீடும் இப்படித்தானே, திருப்பி வைப்பவர்கள் எல்லாம் பெண்கள் என்றேன். கவிதைக்கான வரி கிடைத்துவிட்ட நினைப்பு எனக்கு.

“சித்தி, நீ அத அழகா ஆக்காத” என்றாள். “யாரோ நல்லவங்க வந்து வெச்சிடுவாங்கன்னு நெனச்சிதான் ரெண்டு பேரும் விட்டிருக்கான். இல்ல, ரெண்டு பேருமே நல்லவங்களா இருந்து ரெண்டு தடவ வெச்சிருக்கான். நல்லவங்கள நம்பி கோட் எழுதக் கூடாது. எது யாரோடதுன்னு எழுதி வெக்கணும்.”

அவள் செய்த திருத்தம் அதுதான். ஃபங்ஷனுக்கு மேலே குறிப்பாக இரண்டு வரி: வேலை சரியாக முடிந்தால் பஃபர் அடுத்த கட்டத்துக்குச் சொந்தம், பிழை வந்தால் கூப்பிட்டவருக்கே சொந்தம், அவரே விடுவிக்க வேண்டும். முந்தின நாள் சேர்த்த வரியை எடுத்துவிட்டாள். வைக்காத இடத்தில் வைக்கும்படி செய்தாள். பிறகு மொத்த நிரலிலும் பஃபரைத் தொடும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் இது யாருக்குச் சொந்தம் என்று எழுதினாள். இன்னும் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. கெட்ட பாக்கெட்டுகளாகவே அனுப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றையும் எழுதி வைத்தாள். மாற்றிய வரிகள் மொத்தம் நாற்பதுகூட இருக்காது.

இவ்வளவு பெரிய உலகம் இவ்வளவு சின்ன மறதிகள்மேல் நிற்கிறதா என்று கேட்டேன். 2014 கதையைச் சொன்னாள். அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வங்கி, மின்னஞ்சல் என்று உலகம் முழுக்கப் பூட்டாக வைத்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி நிரலில் இருந்தது அது. ‘இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல், இதன் நீளம் இவ்வளவு’ என்று ஒருவர் கேட்கலாம். சொன்ன நீளம் உண்மையா என்று நிரல் பார்க்கவில்லை. சின்னச் சொல்லை அனுப்பிவிட்டுப் பெரிய நீளத்தைச் சொன்னால், பக்கத்து மெமரியில் கிடந்ததையும் சேர்த்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் யாருடைய கடவுச்சொல் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதன் பின்னால் இருந்த இன்னொன்றுதான் அவளுக்கு முக்கியம். அந்த நிரல் தனக்கென்று ஒரு பஃபர் குவியல் வைத்திருந்தது. ஓப்பன்பிஎஸ்டி குழுவின் டெட் உனாங்ஸ்ட் அந்தக் குவியலை நிறுத்திப் பார்த்தார். நிரல் ஓடவில்லை. காரணம், ஓரிடத்தில் படித்து முடிக்காத பஃபரையே திருப்பி வைத்துவிட்டு, அடுத்த கணம் அதே பஃபர் அதே பழைய தரவோடு கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக வைத்ததே முதலில் திரும்பி வரும் குவியல் என்பதால் பெரும்பாலும் வந்தும்விட்டது. நடுவில் இன்னொருவர் எடுத்துக்கொண்டால் ஒருவரின் தரவு இன்னொருவரிடம் போய்விடும். இதை ஒருவர் 2010இலேயே புகாராக எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகள் அது பட்டியலில் கிடந்தது.

பாதி கேட்ட அக்கா, “கசப்புத் தண்ணிய வடிக்கலன்னா அப்பிடித்தான்” என்றாள். உப்பு வாரி முடித்த பாத்தியில் மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் தங்கிவிடும். அதை வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு அதன்மேலேயே பாய்ச்சினால் அடுத்த உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும், விலை போகாது. வெளியேற்றுகிற வேலைக்குத் தனிக் கூலி கிடையாதாம். வாருகிற கூலியிலேயே அதுவும் அடக்கம்.

மாதக் கடைசியில் வந்த அறிக்கையில் ‘பூல் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. குழுத் தலைவர் பெயர் இருந்தது, இவள் பெயர் இல்லை. வேண்டுமென்று செய்ததாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. நின்றுபோனால் எல்லாருக்கும் தெரிகிறது. நிற்காமல் ஓடினால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. அவள் சிரித்துக்கொண்டே திரையில் ஒன்றைக் காட்டினாள். நிரலின் ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அந்த நாற்பது வரிகளின் பக்கத்திலும் அவள் பெயர் இருந்தது. அந்தக் கட்டளையின் பெயர் ‘பிளேம்’. பழி. “இதுல மட்டும் எம் பேரு கரெக்டா வரும் சித்தி.”

எனக்குக் கோபம் வந்தது. உன் பெயரைப் போடச் சொல்லிக் கடிதம் எழுது, நான் வேண்டுமானால் வரைவு எழுதித் தருகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். “எழுதுறேன். நீ உன் தீசிஸ்ல அம்மா பேரப் போட்டியா?”

என் ஆய்வு சங்க இலக்கியத்தில் உமணரைப் பற்றியது. உப்பு வண்டிகளோடு மேடும் பள்ளமும் கடந்து போன வணிகர்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காட்டுகிறவர்கள் உண்டு என்பதால் எங்கள் கடற்கரைக்கு ஒரு முழு இயலே கொடுத்திருந்தேன். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்லும் சேம அச்சைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினேன். வழியில் அச்சு முறிந்தால் மாற்ற, உமணர் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். முறியாத வரை அதை யாரும் பார்ப்பதில்லை என்றுகூட எழுதியிருக்கிறேன். வழிகாட்டிக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி, ‘என் குடும்பத்தார்க்கு’ நன்றி.

2009இல் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி தட்டச்சு, மறுபடி கட்டுமானம், மறுபடி கட்டணம். என்னிடம் பணம் இல்லை. மரக்காணத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா இரண்டு வளையலைக் கழற்றி அடகு வைத்தாள். எல்லாம் முதல் தடவையே சரியாக நடந்திருந்தால் அந்த வளையல் தேவைப்பட்டிருக்காது. அதனாலேயே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட கதையில் அது இல்லை. பட்டம் வந்தது, வேலை வந்தது, சம்பளம் உயர்ந்தது, வீடு கட்டினேன். பிழை நடந்த வழியில் எடுத்தது கையிலேயே தங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம்.

அடுப்படியில் போய்க் கேட்டேன். “அக்கா, அந்த வளையல் என்னா ஆச்சி?”

“அது அப்பவே மூழ்கிப் போச்சி. வட்டி கட்ட முடியல” என்றாள், எண்ணெயைப் பார்த்தபடி. “நீ மூட்டுத் தருவேன்னு ஒரு ரெண்டு வருசம் பாத்தேன்.”

ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று அன்றுவரை நான் நினைத்திருப்பேன். இரண்டு வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்குள் எழுதி வைத்த பேச்சு எதுவும் இல்லை. நான் அவளை நல்லவள் என்று நம்பி விட்டுவிட்டேன்.

தீபாவளிக்குள் வளையல் வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, “இது லேசா இருக்கு” என்றாள். வாஸ்தவம்தான், விலை ஏறியிருந்தது, எடையைக் குறைத்திருந்தேன். மீதியை எப்போது தருவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா மகள்தான் போடச் சொன்னாள். அவளும் தன் கடிதத்தை அனுப்பினாள். அடுத்த மாத அறிக்கையில் அடிக்குறிப்பாக அவள் பெயர் வந்தது. அந்தப் புதுச்சேரி சம்பந்தத்தை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அதற்கும் பஃபருக்கும் சம்பந்தமில்லை, பையனுக்குச் சமைக்கத் தெரியாது என்றாள்.

என் ஆய்வேடு இப்போது புத்தகமாக வரவிருக்கிறது. முதல் பக்கத்தை மாற்றி எழுதினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் அக்காவை உட்காரவைத்து நானே படித்துக் காட்டினேன். இந்த ஆய்வை முடிக்க உப்பளத்தில் உழைத்து, தன் வளையல்களை அடகு வைத்துத் தந்த என் அக்காவுக்கு, என்று அவள் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எத்தினி பவுன்னு போட்டியா?” என்றாள்.

“இல்லக்கா.”

“ரெண்டு வளையல், மூணு பவுனு. அதப் போடு.”